கலைநிகழ்ச்சியை ஊரோடு உட்கார்ந்து திட்டமிடுவது எப்படி

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான கிராமக் கலைத் திட்டங்களில் நடப்பது வேறு. தேரை வெளியூரில் கட்டி முடித்து, ஓட வேண்டிய தெருவையும் நாளையும் குறித்துவிட்டு, வடத்தை மட்டும் ஊர்க்காரர்கள் கையில் கொடுக்கிறார்கள். பிறகு 'மக்கள் ஆர்வம் காட்டவில்லை' என்று அறிக்கை எழுதுகிறார்கள். என்ன கலை, எந்த நாள், எந்த இடம், யாருக்கு எவ்வளவு பணம் என்ற நான்கும் முடிவான பிறகு கூட்டுகிற கூட்டம் வெறும் அறிவிப்பு. இவற்றில் எதையாவது ஊர் மாற்றக்கூடிய நேரத்தில் உள்ளே அழைத்தால்தான் அது திட்டமிடலில் பங்கு.

இங்கே சொல்லும் வழிமுறை, ஐந்நூறிலிருந்து மூவாயிரம் பேர் வரை வாழும் ஓர் ஊரில் முதல் முறையாக ஒரு கலைத் திட்டம் தொடங்குகிறவர்களுக்கானது. அது ஒருநாள் விழாவாக இருக்கலாம், சில மாதப் பயிற்சியாக இருக்கலாம், சுவரோவியமாகவோ நாடகமாகவோ இருக்கலாம். முதல் முறைக்கு ஆறு மாதம் தேவை. மூன்று மாதத்தில் முடித்தாக வேண்டும் என்றால் நிகழ்ச்சியைச் சிறிதாக்குங்கள். ஊரோடு பேசும் நாட்களில் கைவைக்காதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு தாள்

ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். ஏற்கெனவே முடிவாகிவிட்டவை இடப்பக்கம், இன்னும் முடிவாகாதவை வலப்பக்கம். 'பணத்தை இந்த ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும்' என்பது நிதி தருபவரின் நிபந்தனையானால் அது இடப்பக்கம். 'இளைஞர்களுக்கான நிகழ்ச்சியாக இருக்க வேண்டும்' என்பதும் அங்கேதான். வலப்பக்கம் காலியாக இருந்தால் ஊருக்குப் போகாதீர்கள். முதலில் நிதி தருபவரிடம் போய் நாள், கலைவடிவம், இடம் மூன்றையாவது திறந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். 'கலைவடிவத்தை முடிவு செய்வதே இந்தத் திட்டத்தின் முதல் கட்டம்' என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் பிறகு வாதாட வேண்டியிருக்காது.

மக்கள் பங்கேற்பைப் பற்றி ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969-ல் எழுதிய கட்டுரையில் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை வரைந்தார். அடிப்படிகளில் பங்கேற்பு என்ற பெயரில் நடக்கும் கண்துடைப்பு. நடுப்படிகளில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது. மேற்படிகளில் கூட்டாக முடிவெடுப்பது, அதிகாரத்தை ஒப்படைப்பது, மக்களே நடத்துவது. அவர் எழுதியது நகரத் திட்டங்களைப் பற்றி, ஆனாலும் கிராமத்துக்கும் அந்த ஏணி பொருந்தும். நீங்கள் நடுப்படியில் நின்றால் 'உங்கள் கருத்தைக் கேட்டுக்கொள்கிறோம், முடிவு எங்களுடையது' என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அதை ஊர் ஏற்றுக்கொள்ளும். 'இது உங்கள் விழா' என்று சொல்லிவிட்டு நாளைக் கூட மாற்ற மறுத்தால், அடுத்த பத்தாண்டுக்கு அங்கே வருகிற எந்தக் கலைக்குழுவையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்று வேளை நடை

முதல் மாதம் கூட்டமே வேண்டாம். நடந்தால் போதும். ஒரே ஊரை விடியற்காலை, நடுப்பகல், இரவு என்று மூன்று வேளையில், வெவ்வேறு நாட்களில் சுற்றி வாருங்கள். காலையில் மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர்களைப் பார்ப்பீர்கள். பகலில் முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் இருப்பார்கள். இளைஞர்கள் எங்கே கூடுகிறார்கள் என்பது இருட்டிய பிறகுதான் தெரியும். தண்ணீர் எடுக்கும் இடம், வண்டி நிற்கும் இடம், கடை வாசல், பள்ளி வாசல், வழிபாட்டு இடம் ஆகியவற்றை ஒரு கைவரைபடத்தில் குறியுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் யார் வருகிறார்கள் என்பதைவிட யார் வருவதில்லை என்பதை எழுதுங்கள். நாளைக்குக் கூட்டம் எங்கே நடத்தக் கூடாது என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும்.

ஊர்த்தலைவரை முதலில் பார்ப்பது மரியாதை. அங்கேயே நின்றுவிடுவது தவறு. அவர் கைகாட்டும் ஐந்து பேர் வழியாக மட்டும் ஊரைப் பார்த்தால் நீங்கள் பார்ப்பது அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து தெரியும் ஊர். அவரிடம், 'எல்லாத் தெருவுக்கும் போய்ப் பேசப் போகிறோம், உங்களுக்குத் தெரிந்தே செய்கிறோம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியோடு முடியுங்கள்: 'இதைப் பற்றி நாங்கள் பேச வேண்டிய, ஆனால் யாரும் எங்களிடம் சொல்லாத ஆள் யார்?' இருபது பேரிடம் கேட்டால் திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று பெயர்கள் கிடைக்கும். பெரும்பாலும் பதவி எதுவும் இல்லாதவர்கள். ஊர் காரியம் உண்மையில் ஓடுவது அவர்களால்தான்.

தள்ளியிருக்கும் குடியிருப்புகள், பருவத்துக்கு வந்து தங்கும் கூலிக் குடும்பங்கள், வெளியூரில் வேலை பார்த்து ஆண்டுக்கொருமுறை வருகிறவர்கள், வீட்டைவிட்டு வெளியே வர முடியாத உடல்நிலையில் இருப்பவர்கள் என நான்கு கூட்டத்தாரையும் தனித்தனியே தேடிப் போக வேண்டும். தானாக வந்து சேர மாட்டார்கள். வெளியூரில் இருப்பவர்களிடம் அலைபேசியில் குரல்பதிவாகக் கருத்து வாங்கலாம். வாட்ஸ்அப் குழு தொடங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் ஒரே அலைபேசி. அதுவும் ஆண் கையில் இருக்கும். குழுவில் போட்ட செய்தி வீட்டுப் பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு நேரில்தான் சொல்ல வேண்டும்.

கலை எங்கே இருக்கிறது என்று கேட்கும் விதம்

'உங்கள் ஊரில் என்ன கலை இருக்கிறது?' என்று கேட்டால் 'அப்படி ஒன்றும் இல்லையே' என்ற பதில்தான் வரும். மேடையில் நடப்பதைத்தான் கலை என்று சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள். கேள்வியை வேலையோடும் நாளோடும் சேர்த்துக் கேளுங்கள். குழந்தையைத் தூங்க வைக்க இங்கே யார் பாடுகிறார்? சாவு வீட்டில் முதல் குரல் யாருடையது? கதை சொன்னால் சிறுவர்கள் எழுந்து போகாமல் உட்காரும் ஆள் யார்? சுவருக்கும் வாசலுக்கும் கோலமோ சித்திரமோ போடுவது யார், பழைய துணியை ஒட்டுப்போட்டு அழகாக்குவது யார்? யாரைப் போல் யார் நடித்துக் காட்டுவார்? அலைபேசியில் படம் எடுத்து வெட்டி ஒட்டத் தெரிந்த பிள்ளை யார்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஊரின் கலை என்றால் பழையது மட்டும்தான் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். இளைஞர்கள் விலகி நிற்பதற்கு முதல் காரணம் அந்த எண்ணம்தான்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். பெயர், என்ன செய்வார், யாரிடம் கற்றார், இப்போது யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார், கடைசியாக எப்போது செய்தார், எந்தச் சூழலில் செய்வார், எந்தச் சூழலில் செய்யக் கூடாது, பிறர் முன்னால் செய்ய விருப்பமா. ஏழாவது வரிதான் முக்கியம். சடங்குக்கு மட்டும் உரிய பாட்டும் ஆட்டமும் எல்லா ஊரிலும் உண்டு. அவற்றை மேடையேற்றச் சொல்வது அவமதிப்பு. துக்கப் பாட்டை விழா மேடையில் பாடச் சொன்னால் பாடுகிறவர் மறுக்கக் கூச்சப்பட்டுப் பாடிவிடுவார். அதன் வலியை வீட்டில் அவர்தான் அனுபவிப்பார். கலை மரபுகளைப் பாதுகாக்கும் வேலையில் அந்த மரபை உருவாக்கிக் காத்து வரும் சமூகங்களே இயன்றவரை முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கை தன் 15-ஆம் பிரிவில் சொல்கிறது. அதன் நடைமுறைப் பொருள் இதுதான்: எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பது வைத்திருப்பவரின் சொல்.

ஒலிப்பதிவோ காணொளியோ எடுப்பதாக இருந்தால் சம்மதத்தை இரண்டாகப் பிரித்து வாங்குங்கள்: பதிவு செய்யச் சம்மதம், வெளியிடச் சம்மதம். முதலாவதற்குத் தலையாட்டியவர் இரண்டாவதற்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும்.

நாள் குறிப்பது

நிகழ்ச்சிகள் தோற்பதற்குத் தவறான நாளே அடிக்கடி காரணமாகிவிடுகிறது. ஆகவே இந்த வேலைக்கு முழு மாலை ஒன்றை ஒதுக்குங்கள்.

தரையில் சாக்கட்டியால் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். அந்த ஊர் ஆண்டை எந்த மாதத்தில் தொடங்குகிறதோ அங்கிருந்து தொடங்கட்டும். கூழாங்கற்களைக் கொடுத்து, வேலை நெருக்கும் மாதத்தில் அதிகக் கல், ஓய்வான மாதத்தில் குறைந்த கல் வைக்கச் சொல்லுங்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனி வரிசையில் வைக்க வேண்டும். ஆண்களின் வரிசையில் கல் குறையும் மாதத்தில் பெண்களின் வரிசையில் நிரம்பியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பயிர் வீட்டுக்கு வந்த பிறகு அதைக் காய வைப்பது, புடைப்பது, சேமிப்பது யார் வேலை என்பது அப்போது தரையிலேயே தெரிந்துவிடும். அடுத்த வரிசையில் மழை. அதற்கடுத்து கையில் பணம் இருக்கும் மாதம், கடன் வாங்கும் மாதம். பிறகு பள்ளித் தேர்வுகள், திருவிழாக்கள், வெளியூர் போனவர்கள் திரும்பும் நாட்கள், நோய் பரவும் காலம். எல்லா வரிசையிலும் கல் குறைந்த மாதங்கள் இரண்டோ மூன்றோ மிஞ்சும். உங்கள் நிகழ்ச்சிக்கான காலம் அவற்றுள் ஒன்று.

மாதம் கிடைத்ததும் வாரத்தைப் பாருங்கள். சந்தை நாளுக்கு முந்தைய இரவு யாரும் உட்கார மாட்டார்கள். தெருவிளக்கு இல்லாத தள்ளிய குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் வர வேண்டுமென்றால் பௌர்ணமியை ஒட்டிய நாள் நல்லது. திரும்பி நடக்க வெளிச்சம் இருக்கும். முதல் நாளோடு ஒரு மாற்று நாளையும் சேர்த்தே குறியுங்கள், ஒரு வார இடைவெளியில். மரணம் நேர்ந்தால் நிகழ்ச்சியைத் தள்ளிவைக்க வேண்டிவரும். மாற்று நாள் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தால் குழப்பமில்லை.

இந்தக் கட்டங்களைப் படம் எடுத்து நிதி தருபவருக்கு அனுப்புங்கள். 'ஊர் இந்த மாதம்தான் கேட்கிறது' என்ற வரியைவிட அந்தக் கற்களின் படம் வேகமாக வேலை செய்யும்.

கூட்டம்

பெரிய கூட்டத்தை முதலில் கூட்டினால் பேசப் பழகியவர்கள் மட்டும் பேசுவார்கள். மற்றவர்களின் மௌனத்தைச் சம்மதம் என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவீர்கள். முதலில் ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்கள்: பெண்கள், இளைஞர்கள், முதியவர்கள், தள்ளியிருக்கும் குடியிருப்பினர், கலைஞர்கள். ஒவ்வொன்றும் அவரவர் இடத்தில், அவரவர் நேரத்தில். ஒரு மணி நேரம் போதும். எல்லாக் குழுவும் முடிந்த பிறகுதான் பொதுக்கூட்டம். அதற்கு ஒன்றரை மணி நேரம். அதற்குமேல் நீண்டால் சமைக்கவும் மாடு கட்டவும் வேண்டியவர்கள் எழுந்து போய்விடுவார்கள், முடிவு மிஞ்சியவர்களுடையதாகிவிடும்.

இடம் எல்லோரும் தயங்காமல் கால் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சாதியோ மதமோ நிலமோ கட்சியோ, எதன் பெயரால் ஊர் பிரிந்திருந்தாலும் ஒரு தரப்பின் வாசலில் நடக்கும் கூட்டத்துக்கு மறு தரப்பு வராது. வந்தாலும் ஓரத்தில் நிற்கும். பள்ளி மைதானம் பெரும்பாலும் சரியாக இருக்கும். வட்டமாக, ஒரே மட்டத்தில் உட்காருங்கள். தலைவருக்கு மட்டும் நாற்காலி போடும் பழக்கம் இருந்தால் முதியவர்கள் எல்லோருக்கும் நாற்காலி போட்டுவிடுங்கள். யாருக்கும் குறை இருக்காது. ஒலிபெருக்கி வேண்டாம். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் பேச்சு உரையாகிவிடும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை அமர்த்தி, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவர்கள் வரைய வண்ணமும் தாளும் கொடுங்கள்.

நடத்துபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என இரண்டு பேர் தேவை. எழுதுவது சுவரில் ஒட்டிய பெரிய தாளில், எல்லோரும் பார்க்கும்படி, சொன்னவர் சொன்ன சொல்லிலேயே இருக்கட்டும். 'எங்க ஆட்டத்த பாக்க எங்க பிள்ளைகளுக்கே நேரமில்ல' என்று ஒருவர் சொன்னால் அதை 'தலைமுறை இடைவெளி' என்று மாற்றி எழுதாதீர்கள். முதல் பேச்சு சிறு குழுக்களின் பேச்சாளர்களுடையது. அதிலும் வழக்கமாகக் கடைசியில் பேசுகிறவர்கள் முதலில். செல்வாக்குள்ளவர்களிடம் 'நிறைவாக நீங்கள் பேசுங்கள்' என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மரியாதையாகவும் இருக்கும், மற்றவர்கள் வாய் திறக்கவும் நேரம் கிடைக்கும்.

தேர்வு செய்ய வேண்டிய கட்டத்தில் கைதூக்கும் வாக்கெடுப்பு வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கக் கையைத் தூக்குவது சிறிய ஊரில் சுமை. மாறாக, ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு மூடிய பானை, அதன்மேல் படம், மூடியில் ஒரு துளை. பானைகள் ஒரு திரைக்குப் பின்னால். ஆளுக்கு ஐந்து விதை. ஒரே பானையிலும் போடலாம், பிரித்தும் போடலாம். பெண்களுக்கு ஒருவகை விதை, ஆண்களுக்கு ஒருவகை, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வேறொன்று. எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள். மொத்தத்தில் வென்ற யோசனைக்குப் பெண்களின் விதை பத்தில் ஒன்றுகூட இல்லையென்றால் அது வென்றதாகாது. மறுபடி பேச வேண்டும். இந்த நிபந்தனையை எண்ணத் தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால் ஏமாற்றாகத் தோன்றும், அது நியாயமான கோபம்.

எழுபது பேரை எதிர்பார்த்து ஏழு பேர் வந்தால் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். வந்தவர்களிடம் மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதுங்கள். முடிவு மட்டும் எடுக்க வேண்டாம்.

குழுவும் அதன் அதிகாரமும்

நடத்தும் குழு ஒன்பதிலிருந்து பதின்மூன்று பேர், ஒற்றைப்படையாக. பாதிக்குக் குறையாமல் பெண்கள், முப்பது வயதுக்குட்பட்டவர் மூவர், கலைஞர் இருவர், ஒரு குடும்பத்திலிருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம். ஒரே ஒரு பெண்ணையோ தள்ளிய குடியிருப்பிலிருந்து ஒரே ஒருவரையோ சேர்ப்பது அவரைத் தனியே மாட்டிவிடுவது. குறைந்தது இரண்டு பேராக இருந்தால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் தாங்கிப் பிடிப்பார். வெளியிலிருந்து வந்த உங்களுக்குக் குழுவில் வாக்கு வேண்டாம்.

இந்தக் குழு எதை முடிவு செய்யும், எதைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும், எதில் கைவைக்க முடியாது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். சொல்லாமல் விட்ட அதிகாரம் அடுத்த மாதமே சண்டையாக வந்து நிற்கும்.

ஊர் கையில் படைப்பையே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கென்யாவின் கமிரீத்து என்ற ஊர் ஒரு சான்று. 1976–77-ல் அங்கே விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து தாங்களே திறந்தவெளி அரங்கத்தைக் கட்டினார்கள். எழுத்தாளர்கள் கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் கிகூயு மொழியில் எழுதிய நாடகத்தின் ஒத்திகைகள் எல்லோருக்கும் திறந்திருந்தன. வசனம், பாட்டு, ஆட்டம் எதிலும் பிழை கண்டவர்கள் அங்கேயே திருத்தினார்கள். 1977 இறுதியில் நாடகம் மேடையேறிச் சில வாரங்களில் அரசு அதைத் தடைசெய்தது. அவ்வாண்டு முடிவதற்குள் கூகி வா தியாங்கோ சிறைவைக்கப்பட்டார். 1982-ல் அரங்கமே இடிக்கப்பட்டது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு உண்டு. ஒத்திகையைத் திறந்து வைப்பது பங்கேற்பின் மிக வலுவான வடிவம். கூடவே, படைப்பின் பேச்சால் வரக்கூடிய விளைவை வெளியூர்க்காரர் போன பிறகும் அங்கேயே வாழப்போகிறவர்கள்தான் தாங்குவார்கள். ஆகவே எவ்வளவு துணிவது என்பதும் அவர்கள் எடுக்கும் முடிவு.

பணத்தை நூறு கல்லாக்குவது

மொத்தத் தொகையை மறைக்காதீர்கள். நூறு கற்களைக் கொட்டி, 'இதுதான் முழுப் பணம்' என்று சொல்லி, ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வட்டம் போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். பேச்சைத் தொடங்க ஒரு பங்கீடு: கலைஞர்களுக்கு நாற்பது; மேடை, ஒளி, ஒலிக்குப் பதினைந்து; முன்தயாரிப்புக் கூட்டங்களுக்கும் பயிற்சிக்கும் பதினைந்து; போக்குவரத்துக்குப் பத்து; கூலியை விட்டு வருகிறவர்களுக்கு ஈடாகவும் குழந்தைக் கவனிப்புக்கும் ஐந்து; பதிவுக்கும் அதை ஊருக்குத் திருப்பித் தருவதற்கும் ஐந்து; எதிர்பாராததற்குப் பத்து. இதை ஊர் மாற்றும், மாற்றட்டும். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: எதிர்பாராததற்கான பத்து கல்லைத் தொடக்கத்திலேயே வேறு வட்டத்துக்கு நகர்த்தினால் மழை பெய்த அன்று கடன் வாங்குவீர்கள்.

'நம்ம ஊர்க்காரர்தானே' என்று உள்ளூர்க் கலைஞருக்குச் சால்வையும், வெளியூரிலிருந்து வருகிறவருக்குப் பணமும் கொடுப்பது இந்தத் துறையின் பழைய கொடுமை. ஒரே அளவு நேரத்துக்கு ஒரே அளவு ஊதியம். ஒத்திகை நாட்களுக்கும் கணக்கு உண்டு. பாதியை முன்பணமாகவும், மீதியை நிகழ்ச்சி முடிந்த அன்றே, அவரவர் கையிலோ கணக்கிலோ நேரடியாகவும் கொடுங்கள். இடையில் ஒருவர் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு எவ்வளவு நல்லவர் கையில் இருந்தாலும் சந்தேகத்தில்தான் முடியும்.

வரவு செலவைப் பெரிய எழுத்தில் எழுதிப் பொது இடத்தில் ஒட்டி, இரண்டு வாரத்துக்கொருமுறை புதுப்பியுங்கள். பணம் எடுக்க மூன்று பேரில் இருவரின் கையெழுத்து தேவை என்று வைத்துக்கொள்ளலாம். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

முதலில் ஒரு சிறிய மாலை

பெரிய நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் முன்பு ஒரு மணி நேரத்துக்கு மிகாத சிறிய நிகழ்ச்சி ஒன்றை அதே இடத்தில் நடத்திப் பாருங்கள். அட்டையில் பெயர் இருக்கும் மூன்று பேர், ஐம்பது அறுபது பார்வையாளர்கள். அலங்காரம் வேண்டாம். காற்று எந்தப் பக்கம் குரலை அள்ளிப் போகிறது, பக்கத்து வீட்டில் யாருக்காவது உடல்நலமில்லையா, எந்தத் தெருவிலிருந்து யாருமே வரவில்லை என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

இடத்தை அளக்கும்போது தரையில் உட்காருகிறவர்களுக்கு நடைவழியும் சேர்த்து ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் என்று கணக்கிடுங்கள். முந்நூறு பேருக்கு 300 சதுர மீட்டர், ஏறக்குறைய 15 மீட்டருக்கு 20 மீட்டர். தரைப் பார்வையாளர்களுக்கு 60 முதல் 90 சென்டிமீட்டர் உயர மேடை போதும். அதற்கு மேல் போனால் முன்வரிசைக் குழந்தைகளுக்குக் கழுத்து வலிக்கும், ஆடுகிறவரின் கால் தெரியாது. வட்டமாக நின்று பார்க்கும் கலையை மூன்று பக்கம் மூடிய மேடையில் ஏற்றாதீர்கள், அது வேறொன்றாகிவிடும். கழிப்பிடம் எங்கே, இருட்டில் அங்கே போக வெளிச்சம் இருக்கிறதா என்பதைப் பெண்களிடம் கேளுங்கள். சக்கர நாற்காலி வருமா என்பதை ஒருமுறை தள்ளிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கண்ணால் பார்த்து அல்ல.

நாடகம் என்றால் பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகுஸ்தோ போவால் வளர்த்த கருத்துக்கள நாடக முறையை இந்தச் சிறிய மாலைக்குப் பயன்படுத்தலாம். ஊரின் ஒரு சிக்கலைப் பத்து நிமிடக் காட்சியாக, தீர்வில்லாமல் நடித்துக் காட்டுவார்கள். இரண்டாம் முறை நடிக்கும்போது பார்வையாளர் யாரும் 'நிறுத்து' என்று சொல்லி எழுந்து வந்து அடக்கப்படும் பாத்திரத்தை ஏற்று வேறு வழியை முயன்று பார்ப்பார். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் இங்கே எழுந்து வருவதுண்டு. ஆனால் உண்மையான ஒரு வீட்டுச் சண்டையை அப்படியே காட்சியாக்காதீர்கள். பெயரை மாற்றினாலும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

எதிர்ப்பு வந்தால்

சிலர் வேண்டாம் என்பார்கள். 'தண்ணீர் வர வழியில்லை, உங்களுக்கு ஆட்டம் கேட்கிறதா?' என்று ஒருவர் கேட்டால் அது சரியான கேள்வி. கலை தண்ணீர் கொண்டுவரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இந்தப் பணம் எதற்காக வந்தது, எதற்குச் செலவழிக்க முடியாது என்பதைத் திறந்து சொல்லுங்கள். ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதியில் ஏறத்தாழ 760 சதுர கிலோமீட்டரில் பரவி, மூன்றாண்டுக்கொருமுறை நடக்கும் எச்சிகோ-சுமாரி கலைவிழாவுக்கும் தொடக்கத்தில் அப்பகுதி மக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு இருந்தது. நெறியாளர் ஃபிராம் கிடகாவாவும் மற்றவர்களும் 1990-களின் நடுவிலிருந்து ஊர் ஊராகப் பேசிப் பேசி, 2000-ல்தான் முதல் விழாவை நடத்த முடிந்தது. ஆள் குறைந்துபோன ஊர்களின் காலி வீடுகளும் மூடிய பள்ளிகளும் வயல்களும்தான் பின்னர் அங்கே படைப்புகளுக்கு இடமாயின. பல படைப்புகளை ஊர்க்காரர்கள் கூடவே நின்று செய்தார்கள், பராமரித்தும் வருகிறார்கள். ஒருவரின் நிலத்தைக் கேட்கும்போது அந்த நிலத்தில் அவர் போடும் உழைப்பைக் கலைஞர் அறிந்து வந்து கேட்க வேண்டும் என்பது அங்கிருந்து கற்க வேண்டியது.

முடிந்த பிறகு இரண்டு வாரத்துக்குள்

பந்தல் பிரித்த கையோடு நீங்கள் காணாமல் போனால் அதுவரை செய்தது எல்லாம் வீண். இரண்டு வாரத்துக்குள் மறுபடி கூடுங்கள். முதலில் கணக்கு வாசிப்பு, மிச்சப் பணத்தை என்ன செய்வது என்ற முடிவோடு. பிறகு மூன்று கேள்வி: எதை அடுத்த முறையும் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது, யார் வரவில்லை, ஏன்? நல்லதை மட்டும் சொல்லும் கூச்சம் இருக்கும். ஆகவே மூன்றாவது கேள்வியை வராதவர்களின் வீட்டு வாசலிலும் போய்க் கேளுங்கள்.

பதிவுகளை ஊரில் திறக்கக்கூடிய வடிவத்தில் கொடுங்கள். இணைய இணைப்பு மெதுவான இடத்தில் சுட்டி அனுப்பிப் பயனில்லை. நினைவட்டையில் இரண்டு பிரதி போட்டு, ஒன்றைப் பள்ளியிலும் ஒன்றைக் குழுவின் பொறுப்பிலும் வையுங்கள். கலைஞர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதி தனியாக. அட்டைகளின் மூலப்பிரதியும் ஊரிலேயே இருக்க வேண்டும், உங்களிடம் நகல் மட்டும்.

அடுத்த ஆண்டு வேண்டுமா என்பதை அன்றே கேட்காதீர்கள். விழாவின் சூட்டில் எல்லோரும் வேண்டும் என்பார்கள். மூன்று மாதம் கழித்துக் குழுவே கூட்டத்தைக் கூட்டட்டும். கூட்டவில்லையென்றால் ஒருமுறை போய்க் காரணம் கேளுங்கள். 'இந்த வருஷம் வேண்டாம்' என்பது பதிலானால் அட்டைகளையும் கணக்கையும் ஒப்படைத்துவிட்டுத் திரும்புங்கள்.